விலை சொல்லி வெளுக்கும் தொழில்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற தொழில் வழிகாட்டு அமர்வில் நிகழ்த்திய உரை)

 

விழா நிகழ்ச்சி நிரலில் 'வீட்டிலிருந்து நடத்தும் சலவைத் தொழில்' என்னும் தலைப்பைக் கண்டதும் நம்முள் சிலர் முகஞ்சுளித்தனர் என்பதை அறிவோம். 25 ஆண்டுகளாக மாலைப் பள்ளி நடத்தி, பொதுத்தேர்வு எழுதவைத்து, கல்லூரி வாசல் வரை கொண்டுசேர்த்த பிள்ளைகளை மறுபடியும் அழுக்கு மூட்டை தூக்கச் சொல்வதா என்று அவர்கள் கேட்டனர். கேட்கவேண்டிய கேள்விதான், மழுப்பிவிட்டுச் செல்வதற்கில்லை.

1953-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்துச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் இராஜாஜி அரசு ஒரு திட்டத்தைப் புகுத்தியது. பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிலும் மறு வேளை பெற்றோரின் தொழிலிலும் பழகவேண்டும் என்பது அதன் சாரம். குயவர் மகன் சக்கரம் சுற்றவும் வெளுப்பவர் மகன் துறைக்குப் போகவும் அரசே நேரம் ஒதுக்கித் தந்தது. குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. அந்த நினைவு நம்மவர் நெஞ்சில் இன்னும் ஆறாமல் இருப்பது நல்லதே. தந்தையின் தொழில் மகனுக்கு விதி என்று எவர் சொன்னாலும், அது மானியத்தோடு வந்தாலும், ஐயத்தோடு நோக்க அந்த நினைவு நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

ஆயினும் இத்தலைப்பைக் கேட்டு வாங்கியோர் நம் மகளிர் மன்றத்தாரே என்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்து, மணமாகி, கைக்குழந்தையை விட்டு வெளியே செல்ல இயலாமல் இருக்கும் பெண்கள் நம் தெருக்களில் பலர். பக்கத்திலேயே கல்லூரி விடுதிகளும், இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் நிறைந்த அடுக்ககங்களும் எழுந்துவிட்டன. அவ்வீடுகளில் துணி குவிகிறது, துவைக்க நேரமில்லை. வீடு தேடிச் சென்று துணியை எடுத்து, வெளுத்துத் தேய்த்து, மடித்து, சொன்ன நாளில் வாசலில் சேர்த்தால் பணம் கொடுக்க ஆயத்தமாக இருக்கின்றனர். இவ்வேலையை நாம் எடுத்தால் என்ன என்று அவர்கள் கேட்டனர். அவர்களுக்குப் பதில் சொல்லவே இவ்வுரை.

ஒரு தொழில் குலத்தொழிலா, வணிகமா என்பதைத் துணியும் சோப்பும் தீர்மானிப்பதில்லை. விலையைச் சொல்பவர் யார், வேண்டாத வேலையை மறுக்க இயலுமா என்பவையே தீர்மானிக்கின்றன. இது நாம் புதிதாகக் கண்ட கருத்தன்று. அரசமைப்பு அவையில் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், கடைகளிலும் பொது இடங்களிலும் சாதியின் பேரால் எவரையும் விலக்கலாகாது என்னும் பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, 'கடை' என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்ற ஐயம் எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் விடையிறுத்தார். தம் சேவையை அளிக்க முன்வரும் எவரையும் உள்ளடக்கிய விரிந்த பொருளிலேயே அச்சொல் ஆளப்பட்டுள்ளது என்றார். உள்ளே நுழைய இடம் தருவதோடு அது நின்றுவிடாது. சேவைக்குரிய நிபந்தனைகள் ஒத்துக்கொள்ளப்பட்டால் அச்சேவையையே பெறலாம் என்பது அவர் தந்த விளக்கம். அப்பிரிவே அரசமைப்பின் 15-ஆம் உறுப்பாயிற்று. பின்னர் 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்கும் சட்டம், 'கடை' என்பதற்குள் சலவையகத்தையும் முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது.

சட்டம் சலவையகத்தைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டி வந்தது ஏன் என்பதை இங்குள்ள முதியோர்க்கு விளக்கவேண்டியதில்லை. நம்மவர் துணியை ஊர் வண்ணார் தொடுவதில்லை. தொட்டால் அவரை ஊரார் விலக்கிவிடுவர். சரி, அவர் தொடாத துணியை வெளுத்தவர் யார்? புதிரை வண்ணார். தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டோர்க்கு வெளுப்பதற்கென்றே மேலும் ஒதுக்கப்பட்ட குடிகள் அவர்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் அவர்கள் பெயரும் உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படலாகாது என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, இரவிலேயே வேலை செய்தனர் என 1932-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று பதிவு செய்துள்ளது.

அவ்வேற்பாட்டில் விலை என்ற ஒன்றே கிடையாது. அந்தி சாய்ந்ததும் வெளுப்பவர் வீட்டுப் பெண் பாத்திரத்தோடு தெருத் தெருவாக வருவார். வாசலில் நின்று குரல் கொடுப்பார். ஒரு வீட்டில் கேழ்வரகுக் களி, அடுத்த வீட்டில் கூழ், வேறொரு வீட்டில் நேற்றைய சோறு. எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழும். அறுவடைக் காலத்தில் களத்தில் கொஞ்சம் நெல் கிடைக்கும். பிள்ளை பிறந்த வீட்டுத் துணி, பெண் பூப்பெய்திய வீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவர்களுக்கே. நடைபாவாடை விரிப்பதும் அவர்கள் வேலை. 'இன்று உடம்பு சரியில்லை, வர இயலாது' என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. ஏர் பிடித்தவனுக்கேனும் கூலி இத்தனை படி என ஒரு பேச்சு இருந்தது. இவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. இமையம் 1994-இல் வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்' என்னும் புதினம் இக்குடிகளுள் ஒரு பெண்ணின் வாழ்வைச் சொல்வது. கழக நூலகத்தில் அது இருக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். 2009-இல் தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார்க்கெனத் தனி நல வாரியம் அமைத்தது.

ஆகவே, தாய்மார்களே, நாம் தொடங்க விரும்பும் தொழிலில் முதற் பொருள் சலவை இயந்திரமன்று. எடைக்கு இவ்வளவு, உருப்படிக்கு இவ்வளவு, இத்தனை நாளில் தருவோம், இன்னின்ன துணியை எடுக்கமாட்டோம் என்று எழுதிய ஓர் அட்டையே முதற் பொருள். அம்பேத்கர் குறித்த நிபந்தனை என்பது அந்த அட்டைதான். அதனை முதல் நாளிலேயே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

துணி வெளுத்துப் பிழைத்த பெண்கள் தம் விலையைத் தாமே சொன்ன வரலாறு உண்டா எனச் சிலர் கேட்கலாம். உண்டு; அது நடந்தது அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில். 1865-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின், கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வெள்ளையர் வீட்டு வேலையே. அவ்வீட்டு அடுக்களையில் நாள் முழுதும் எசமானியின் கண்ணுக்கு முன் நிற்பதைக் காட்டிலும், துணியைத் தம் வீட்டுக்கு எடுத்துவந்து வெளுப்பதையே பலர் விரும்பினர். திங்கட்கிழமை வீடு வீடாகச் சென்று மூட்டைகளை எடுப்பர். சனிக்கிழமை தேய்த்த துணிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பர். நாம் இன்று பேசுகின்ற தொழிலின் அச்சு அசல் இதுவே. தண்ணீரைச் சுமந்து வந்தனர். பீர்ப் பீப்பாயை இரண்டாக அறுத்துத் தொட்டியாக்கினர். சவர்க்காரத்தையும் கோதுமைத் தவிட்டிலிருந்து கஞ்சியையும் தாமே ஆக்கினர். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டாரோடு சேர்ந்து முற்றத்தில் வேலை செய்தனர். இத்தனைக்கும் மாதம் கிடைத்தது 4 முதல் 8 டாலர் வரை.

1881-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20 பெண்கள் ஒரு தேவாலயத்தில் கூடி வெளுப்போர் சங்கம் ஒன்றை அமைத்தனர். பன்னிரண்டு இராத்தல் துணிக்கு ஒரு டாலர் என ஒரே விலை கேட்டு வேலையை நிறுத்தினர். வீடு வீடாகச் சென்று ஆள் சேர்த்தனர். மூன்று வாரங்களில் அந்த 20 பேர் 3,000 பேராயினர். நகரமே அழுக்குத் துணியோடு நின்றது. அமைதியைக் குலைத்தனர் என்று சிலரைக் கைது செய்தனர்; அபராதம் விதித்தனர். நகர மன்றம், வெளுப்போர் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்று ஓர் ஏற்பாட்டை முன்வைத்தது. மாதம் 8 டாலர் காணாதவருக்கு 25 டாலர் கட்டணம்! அப்பெண்கள் நகரத் தலைவருக்கு எழுதிய விடையே நாம் கருதிப் பார்க்கத்தக்கது. கட்டணத்தைச் செலுத்த ஆயத்தமாக உள்ளோம். ஆனால் வெளுப்பதற்குரிய விலையை வகுக்கும் அதிகாரம் முழுதும் எங்களுக்கே வேண்டும் என்பது அவ்விடையின் கருத்து. முடிவில் நகர மன்றம் அக்கட்டண ஏற்பாட்டைக் கைவிட்டது. அன்றைய கூலி எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, உரிமத்தையும் விலையையும் அவர்கள் ஒருசேரக் கேட்டார்களே, அதுதான் நம் சிந்தைக்கு உரியது.

மிசிசிப்பி மாநிலத்து ஹேட்டிஸ்பர்க் நகரில் ஒசியோலா மெக்கார்ட்டி என்னும் அம்மையார் இருந்தார். நோயுற்ற உறவினரைப் பேணுவதற்காக ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாழ்நாளெல்லாம் பிறர் துணி வெளுத்துத் தேய்த்துச் சேமித்த பணத்திலிருந்து 1,50,000 டாலரை 1995-இல், தம் 87-ஆம் வயதில், தென் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகைக்கு வழங்கினார். கல்விக் கழகத்தின் விழாவில் அவர் பெயரைச் சொல்லாமல் விடலாகாது. அதேவேளையில், ஓர் அம்மையாரின் சிக்கனத்தைப் புகழ்ந்துவிட்டு மற்றோர் கூலியை மறந்துவிடுவது செல்வர்கள் மேடையில் வழக்கமாக நிகழ்வது. நம் மேடையில் அது வேண்டா.

இனித் தொழிலின் உள்ளே செல்வோம்.

துணி மாறிப்போவதே இத்தொழிலின் முதற் பகை. பழைய வெளுப்பவர்கள் எழுதப் படிக்க விடப்படாதவர்கள். ஆயினும் நூறு வீட்டுத் துணியை ஒரே வெள்ளாவியில் வைத்து, ஒன்றும் மாறாமல் வீடு சேர்த்தார்கள். சேங்கொட்டையின் பாலைச் சுண்ணாம்போடு சேர்த்து, வீட்டுக்கொரு குறியாகத் துணியின் ஓரத்தில் இட்டனர். எத்தனை முறை வெளுத்தாலும் அக்கறுப்பு போவதில்லை. காவல் துறையினர்கூட வண்ணார் குறியைக் கொண்டு துப்புத் துலக்கியதுண்டு. எழுத்து மறுக்கப்பட்டவர்கள் தமக்கென ஓர் எழுத்தை உண்டாக்கிக்கொண்டனர் என்றே நாம் இதனைக் கொள்ளவேண்டும். இன்று சேங்கொட்டை வேண்டா. அதன் பால் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, நீரில் கரையாத மையால் துணிநாடாவில் எழுதி, ஊக்கால் குத்திவிட்டால் போதும். உள்ளாடை, காலுறை போன்ற சிறு துணிகளை வீட்டுக்கொரு வலைப் பையில் கட்டி அப்படியே இயந்திரத்தில் இடலாம்.

துணியை வாங்கும்போதே வாடிக்கையாளர் முன் எண்ணி எழுதுங்கள். கிழிசல், கறை, அறுந்த பொத்தான் எதுவாயினும் அங்கேயே காட்டிச் சீட்டில் குறியுங்கள். சட்டைப் பையைத் துழாவுங்கள். பணம் இருந்தால் அங்கேயே கொடுத்துவிடுங்கள். தொங்கு தராசில் நிறுத்து எடையை அவரையே படிக்கச் சொல்லுங்கள். சீட்டில் ஒரு படி அவருக்கு, மறு படி நமக்கு. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பலால் விட்டவர்களே, 'என் பட்டுப் புடவையில் இந்தக் கறை முன்பு இல்லை' என்ற பேச்சுக்குப் பின்னர் விடை சொல்ல மாட்டாமல் திண்டாடுவர்.

வெளுக்கும் முறையில் வெள்ளை, வண்ணம், சாயம் போகும் புதுத்துணி என்று பிரிப்பது எல்லோரும் அறிந்ததே. துணியின் உட்புறம் தைத்துள்ள சிறு நாடாவில் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி ஆகிய படங்கள் இருக்கும். தொட்டியின் மேல் பெருக்கற்குறி இருந்தால் நீரில் நனைக்கலாகாது. முக்கோணத்தின் மேல் இருந்தால் வெளுப்பான் கூடாது. பட்டிலும் கம்பளியிலும் வெளுப்பான் பட்டால் துணி போயிற்று என்றே கொள்க. பட்டுப் புடவைகளை முதல் ஆண்டில் எடுக்கவே வேண்டா என்பது நம் கருத்து. ஒரு புடவைக்கு ஈடு கொடுக்க நேர்ந்தால் இரண்டு மாத உழைப்பு போய்விடும்.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் பலர் சோப்பைக் குறை கூறுவர், குற்றமோ நீரில் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும். வெள்ளைத் துணி சில வாரங்களில் பழுப்பேறும். இயந்திரத்தின் சூடேற்றும் கம்பியிலும் அதுவே பாறைபோல் படியும். பழையவர்கள் உவர்மண்ணைப் பயன்படுத்தியதில் ஒரு நுட்பம் உண்டு. அம்மண்ணில் உள்ள காரம் இன்றைய சலவைச் சோடாவின் வேலையையே செய்தது. நீரின் கடுமையைத் தணித்தது. எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கியது. அதில் நனைத்த துணியைப் பானைமேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வைத்ததே வெள்ளாவி. அறியாமையென்று நம் பாடநூல்கள் ஒதுக்கிய பலவற்றுள் வேதியியல் ஒளிந்திருக்கிறது. இன்று நாம் உவர்மண் தேடிச் செல்லவேண்டியதில்லை. ஆனால் நம் கிணற்று நீரைச் சோதித்து அறிந்த பின்னரே இயந்திரம் வாங்கவேண்டும். முன்புறம் திறக்கும் இயந்திரம் நீரைக் குறைவாகச் செலவிடும், விலை கூடுதல். தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தெருக்களில் அக்கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். ஏழு கிலோ இயந்திரம் என்றால் ஐந்து கிலோவுக்குமேல் இடாமலிருப்பதே துணிக்கும் இயந்திரத்திற்கும் நல்லது.

உலர்த்துவதற்கு மாடி உண்டா என்று முதலில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது என்பதையும் அப்போதே எண்ணவேண்டும். கொச்சிக் கோட்டைப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் 1976-இல் கட்டப்பட்ட பொதுச் சலவைத் துறையில் இன்றும் வெளுக்கின்றன. அங்கே கவ்வி எதுவும் இல்லை. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர்; காற்றில் பறப்பதில்லை, துருக்கறை படுவதுமில்லை. இச்சிறு நுட்பத்தை நம் மாடிகளிலும் கைக்கொள்ளலாம். இஸ்திரிக்கு மின்பெட்டியோ கரிப்பெட்டியோ அவரவர் வசதி. கரிப்பொறி பட்டுத் துளை விழுந்தால் ஈடு நம் தலையில்.

இப்பொழுது கணக்கு. இஃது எடுத்துக்காட்டே; ஊருக்கு ஊர் மாறும். 30 வீடுகள், வாரத்திற்கு வீட்டுக்கு 5 கிலோ என்று கொள்வோம். வாரம் 150 கிலோ. இயந்திரம் 30 முறை ஓடவேண்டும். வாரத்தில் ஆறு நாள் என்றால் நாளுக்கு ஐந்து முறை. கிலோவுக்கு 60 ரூபாய் என்று வைத்தால் நான்கு வாரத்தில் வரவு 36,000 ரூபாய். சோப்புத்தூளும் பிறவும் 3,000, மின்சாரமும் தண்ணீரும் 4,000, பெட்ரோல் 2,500, உறையும் சீட்டும் 1,000, கடன் தவணை 3,500, இயந்திரப் பழுதுக்கு ஒதுக்குவது 1,500, துணி கெட்டால் ஈடு கொடுக்க ஒதுக்குவது 500. ஆகச் செலவு 16,000. மீதம் 20,000 என்று மகிழ்ந்துவிடுகிறோம். அங்கேதான் நிற்கவேண்டும். வெளுத்துத் தேய்த்த அம்மையாரின் கூலி எங்கே? நாளுக்கு 500 வீதம் 24 நாளுக்கு 12,000. வண்டியில் சென்று துணி எடுத்துக் கொடுத்துவரும் தம்பிக்கு அரை நாள் கூலியாக 250 வீதம் 6,000. இரண்டையும் கழித்தால் தொழிலின் ஆதாயம் 2,000 ரூபாயே.

இப்போது ஒரு வாடிக்கையாளர், "ஏம்மா, பக்கத்துலதானே இருக்கீங்க, பத்து ரூபா குறைச்சுக்கக் கூடாதா?" என்று அன்பாகக் கேட்கிறார். நாமும் 50 ரூபாய்க்கு இசைகிறோம். எல்லோருக்கும் அவ்விலையே என்றால் வரவு 30,000 ஆகிறது. செலவு அப்படியே 16,000. கையில் 14,000. கூலிக்குரிய 18,000-இல் 4,000 காணாமற் போயிற்று. கல்லாவில் பணம் புரண்டுகொண்டிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. அம்மையார் தம் கூலியைத் தாமே குறைத்துக்கொண்டு வெளுத்துக்கொண்டிருப்பார். வீட்டுப் பெண்ணின் உழைப்பைச் செலவில் எழுதாத கணக்கு, சோற்றுக்கு வெளுத்த பழைய கணக்கேயாகும். ஆதலால் ஒரே பகுதியில் நம்மவர் நால்வர் ஐவர் இத்தொழிலைத் தொடங்கினால், முதலில் ஒன்றுகூடி விலையை ஒன்றாக வகுத்துக்கொள்ள வேண்டும். அட்லாண்டாப் பெண்கள் முதலில் செய்ததும் அதுவே.

அடுத்து, வாசல். பழைய நாளில் வாசலில் நின்றே சோறு வாங்கினோர் வழிவந்தவர் மறுபடியும் பிறர் வாசலில் நிற்பதா என்ற மனக்குறை நம்மவர்க்கு எழும், அது இயல்பே. அடுக்ககங்கள் சிலவற்றில் வேலைக்கு வருவோர்க்கெனத் தனி மின்தூக்கி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரிப்போரும் உண்டு. அவ்வினாவின் உட்பொருள் நமக்குப் புரியாததன்று. அதற்கு விடை சொல்லும் கடமை நமக்கில்லை. தொழிலின் பெயரும் எண்ணும் நேரமும் அச்சிட்ட அட்டையை நீட்டினால் போதும். எடுக்கும் நேரத்தை வாடிக்கையாளரோடு முன்னரே பேசி வையுங்கள். குரல் கொடுத்துக் காத்து நிற்கும் வழக்கம் வேண்டா. பணத்தை மாத இறுதிக்கு விடாமல் துணியைக் கொடுக்கும்போதே பெறுங்கள். பழைய துணி, மீந்த பலகாரம் என்று கூலியோடு சேர்த்துத் தருவதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தோடு தருவோரும் உண்டு. ஆயினும் அவ்வழி திறந்தால் அடைப்பது அரிது.

எடுக்கமாட்டாத துணிகளின் பட்டியலை நீங்களே முடிவு செய்யலாம். நோயாளியின் படுக்கைத் துணியைத் தனியாக வெந்நீரில் வெளுக்கவேண்டியிருப்பதால் தனி விலை சொல்லலாம். இயலாது என்றும் சொல்லலாம். இயலாது என்று சொல்லக்கூடிய வேலைதான் தொழில்.

கடன், மானியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடின்றிக் கடன் பெற வழி செய்யப்பட்டது. 1974-இல் அமைந்த தாட்கோ நிறுவனம் நாம் அறிந்ததே. 2023-இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர்க்கென அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை 35 விழுக்காடு மூலதன மானியத்தோடு தொடங்கியது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் சலவையும் ஒன்று. விண்ணப்பிப்போர் குடும்ப வழியாக அத்தொழிலைச் செய்பவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அத்திட்டத்தை அவ்வடிவில் நடைமுறைப்படுத்துவதில்லை என 2024 நவம்பரில் அறிவித்தது. சாதி, குடும்ப வழி என்று பாராமல் 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. துணி வெளுத்தலும் தேய்த்தலும் அதில் உண்டு. 35 அகவை நிறைந்தோர்க்கு 3 லட்சம் வரை கடனும், 50,000 ரூபாய்க்கு மிகாமல் 25 விழுக்காடு மானியமும் அறிவிக்கப்பட்டன. கட்சி வேறுபாடு நமக்கு இங்கு வேண்டா. யார் பிள்ளை என்று கேட்காமல் என்ன தொழில் தெரியும் என்று கேட்கும் படிவமே நமக்கு உகந்தது.

புதிரை வண்ணார் குடும்பத்தார்க்குத் தனியே ஒரு சொல். 'வண்ணார்' என்ற பெயரைப் பார்த்ததும் அலுவலகங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று சான்றிதழ் எழுதிவிடும் தொல்லை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அச்சான்றிதழோடு சென்றால் பட்டியல் சாதியினர்க்குரிய எந்தக் கடனும் கிடைக்காது. பிள்ளைகளின் உதவித்தொகையும் கிடைக்காது. கடன் படிவத்தை நிரப்புமுன் சான்றிதழைத் திருத்தியாக வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், தாய்மாமன் என உறவினர் எவரிடமேனும் சரியான சான்றிதழ் இருந்தால் அதன் படியைத் தேடி எடுத்து வாருங்கள். மனு எழுதித் தருவது கழகத்தின் பொறுப்பு.

உத்யம் பதிவு கணினி வழியே கட்டணமின்றிச் செய்யப்படுவது. இடைத்தரகர்க்குப் பணம் தரவேண்டா. உள்ளாட்சி உரிமம் பற்றியும், வீட்டு மின் இணைப்பில் இத்தொழிலை நடத்தலாமா என்பது பற்றியும் அந்தந்த அலுவலகத்தில் எழுத்து வழியாகக் கேட்டுத் தெளியுங்கள். சோப்பு நீர் பக்கத்து வீட்டு வாசலில் தேங்கினால் முதல் புகார் அங்கிருந்துதான் வரும். கழிவுநீர் செல்லும் வழியை முதலிலேயே ஒழுங்கு செய்க.

விலை அட்டையின் மாதிரிப் படியும், இரட்டைச் சீட்டுப் புத்தகமும் மேடைக்கு வலப்புறத்து மேசையில் வைக்கப்பட்டுள்ளன. துணி அடையாளம் எழுதுதல், எடை நிறுத்தல், நாள் கணக்கு எழுதுதல் ஆகியவற்றுக்கான பயிற்சி அடுத்த ஞாயிறு காலை மகளிர் மன்றக் கூடத்தில் தொடங்குகிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் சாதிச் சான்றிதழின் படியையும் தம் வீட்டுத் தண்ணீர் ஒரு புட்டியையும் கொண்டு வருக. இனி வினாக்களைக் கேட்கலாம்.